நிழல்தான் புதுசு

புதுச்சேரி நகரில் ஒரு கல்லூரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். வேலையும் பாலினமும் பற்றிப் பேச எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அறை நிறைய இரண்டாம் ஆண்டு மாணவர்களும் மாணவிகளும். பேச்சைத் தொடங்குவதற்கு முன் ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். டாக்டர், நர்ஸ், பஸ் டிரைவர், கொத்தனார், ஹோட்டல் மாஸ்டர், தெருக் கூட்டுற ஆள் என்று அதில் ஆறு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கோடு. “வீட்டில் பேசுகிற தமிழில் வாக்கியத்தை முடித்துக் கொடுங்கள். யோசிக்க வேண்டாம், ஒரு நிமிடம்தான்” என்றோம்.

தாள்களை வாங்கி வரிசையாக வாசித்தோம். பெரும்பாலான தாள்களில் டாக்டர் ‘வந்தாரு’. நர்ஸ் ‘ஊசி போட்டாங்க’. டிரைவர் ‘பிரேக் அடிச்சான்’. கொத்தனார் ‘சுவரு கட்டுனாரு’, சில தாள்களில் ‘கட்டுனான்’. மாஸ்டர் ‘தோசை ஊத்துனாரு’. தெருக் கூட்டுற ஆள் ‘வந்தா’, ‘கூட்டுறா’.

முதல் ஐந்துக்கும் அறை சிரித்தது. ஆறாவதுக்கு வந்தபோது சிரிப்பு பாதியில் நின்றது. விடியற்காலையில் தள்ளுவண்டியோடு தெருவுக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் அந்த அறையிலும் இருந்தார்கள்.

தமிழ் வினைமுற்று இரண்டு கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் பதில் கேட்கிறது. ஆணா, பெண்ணா? மரியாதை உண்டா, இல்லையா? ‘டாக்டர் வந்தாரு’ என்கிற சின்ன வாக்கியத்துக்குள் டாக்டர் என்றால் ஆண் என்ற முன்முடிவும், அவர் மரியாதைக்குரியவர் என்ற முன்முடிவும் சேர்ந்தே இருக்கின்றன. ‘கூட்டுறா’ என்பதில் அது பெண்ணின் வேலை என்பதோடு, அவளை ஒருமையில் பேசலாம் என்பதும் இருக்கிறது. அந்த ஒருமை அவர் பெண் என்பதால் மட்டும் வந்ததா? நர்ஸும் பெண்தானே, அவருக்கு மட்டும் ஏன் ‘போட்டாங்க’? இந்த இடத்தில்தான் பாலினம் பற்றிய பேச்சு சாதிக்குள் நுழைகிறது. கல்லூரிகளில் நடக்கும் பெரும்பாலான கருத்தரங்குகள் இந்த வாசலுக்கு வந்ததும் திரும்பிப் போய்விடுகின்றன.

வேலையைப் பற்றிய முன்முடிவு சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிடுகிறது என்பது உலகம் முழுக்க அறிந்த செய்தி. ‘ஒரு விஞ்ஞானியை வரை’ என்று குழந்தைகளிடம் கேட்கும் சோதனை பற்றி டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983இல் எழுதினார். 4,807 குழந்தைகள் வரைந்த படங்களில் 28இல் மட்டுமே விஞ்ஞானி பெண்ணாக இருந்தார். அந்த 28 படங்களையும் வரைந்தவர்கள் சிறுமிகள். பின்னாளில் அமெரிக்காவில் பெண் விஞ்ஞானியை வரையும் குழந்தைகள் அதிகமானார்கள். இதைக் காட்டிய 2018ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு இன்னொன்றையும் சொன்னது: வயது ஏற ஏறப் பிள்ளைகள் ஆணையே அதிகம் வரைகிறார்கள். அப்படியென்றால் கல்லூரிக்கு வரும் வயதில் படம் ஏறக்குறைய முடிந்த நிலையில்தான் நம் கைக்குக் கிடைக்கிறது.

இதெல்லாம் எங்கள் வழக்கமான பேச்சில் உண்டு. அன்றும் பேசினோம். முடிவுரைக்கு வந்து, “பெண்ணால் முடியாத வேலை என்று ஒன்று கிடையாது. லாரி ஓட்டலாம், வெல்டிங் வைக்கலாம், வீடு கட்டலாம்” என்றோம். ஒரு மாணவியைப் பார்த்து, என்ன வேலைக்குப் போக ஆசை என்று கேட்டோம். “பேங்க் கிளார்க்” என்றார். “அவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் துணிந்து யோசிக்கலாமே” என்று சொல்லிவிட்டோம்.

அவர் எழுந்து நின்றார். “அக்கா, எங்கம்மா இருவது வருஷமா சித்தாளு வேலைக்குப் போறாங்க. மூணு மாடிக்கும் செங்கல்லு தூக்குவாங்க. எங்க ஆயா களத்துல நெல்லு மூட்ட தூக்குனவங்க. ஆம்பள செய்யிற வேல எங்களுக்குப் புதுசு இல்லக்கா. நிழல்தான் புதுசு.”

எங்களிடம் பதில் இல்லை. எங்களில் பாதிப் பேரின் அம்மாக்களும் அதே வெயிலில் நின்றவர்கள். அதை மறந்து, வேறு யாருக்காகவோ தயாரித்த பேச்சை அந்த அறையில் பேசிக்கொண்டிருந்தோம்.

‘பெண் மென்மையானவள், கடின வேலை அவளுக்கு ஆகாது’ என்ற முன்முடிவு சேரிப் பெண்ணைப் பற்றி எந்தக் காலத்திலும் சொல்லப்பட்டதில்லை. அவர் நடவு நட்டார், களை பறித்தார், கல் உடைத்தார், சூளையில் மண் மிதித்தார், சுமை தூக்கினார். அவர் உடம்பால் இது முடியுமா என்று யாரும் கருத்தரங்கு வைத்துக் கேட்கவில்லை. எனவே எங்கள் மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. பெண்ணால் முடியுமா என்பதை விட்டுவிட்டு, ஒரு வேலையில் கூலி யாருக்குக் கூடுகிறது, கருவி யார் கைக்குப் போகிறது, மரியாதை யார் பெயரோடு ஒட்டுகிறது என்று கேட்க வேண்டும்.

கட்டட வேலையைப் பாருங்கள். காலையில் சித்தாளாக ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் சேர்கிறார்கள். இருவரும் கலவைச் சட்டி தூக்குகிறார்கள். சில வருடங்களில் அந்த இளைஞர் கையில் கொத்துக்கரண்டி வந்துவிடும். பிறகு தூக்குக்குண்டு, மட்டப்பலகை, ஒருநாள் மேஸ்திரி என்ற பட்டம். அந்தப் பெண் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் சித்தாள்தான். ‘கொத்தனார்’ என்ற சொல்லிலேயே ‘ஆர்’ விகுதி மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. ‘சித்தாள்’ என்றால் சின்ன ஆள். கல் தூக்க முடிந்த கைக்குக் கரண்டி பிடிக்க வலுவில்லை என்று யாராவது நம்புவார்களா? ஜார்க்கண்ட் மாநிலத்தில் தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்டக் கிராமத்துப் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். ‘ராணி மிஸ்திரி’ என்று பெயர் பெற்றார்கள். பயிற்சியும் கருவியும் கைக்கு வந்ததும் வேலை நடந்தது.

பாகூர் பக்கம் வயலுக்குப் போனாலும் இதே கதைதான். குனிந்து கையால் நடும்வரை நடவு பெண்ணின் வேலை. நடவு இயந்திரம் வயலில் இறங்கினால் அதன்மேல் உட்காருபவர் ஆண். வேலை அதேதான். குனிவது போய் உட்காருவது வந்தவுடன் ஆள் மாறிவிட்டார்.

சமையல் இன்னும் தெளிவாகக் காட்டும். வீட்டில் சமையல் பெண்ணின் கடமை. கல்யாண மண்டபத்திலும் ஹோட்டலிலும் அது சம்பளம் வாங்கும் ஆணின் தொழில். நம் ஊருக்கு இதில் தனிக் கதையும் உண்டு. வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியில் மாட்டிறைச்சி சமைக்க வேண்டும், அதற்குச் சாதி இந்துக்கள் தயங்கினார்கள். அதனால் அந்த வீடுகளின் குசினிக்காரர்களாகப் போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளின் ஆண்கள் அதிகம். சமையல் பெண்ணின் பிறவிக் குணம் என்றால் அந்தத் தாத்தாக்களுக்கு அது எப்படி வந்தது?

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்க வந்தார். எங்கள் பிள்ளைகள் அவர் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியை மறித்தார்கள். ‘சமையல் பெண்ணின் வேலை’ என்று நம்புகிற அதே ஆட்கள்தான். அந்தப் பெண் தலித் என்றால் அந்த நம்பிக்கைகூட அவருக்குக் கிடைப்பதில்லை.

மலம் அள்ளும் வேலையில் சாதிக்குள்ளேயே பாலினப் பிரிவினை நடக்கிறது. உலர் கழிப்பிடம் கூட்டிக் கூடையில் சுமப்பது பெரும்பாலும் பெண்ணின் தலையில் விழுந்தது. பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிச் சாவது ஆணின் தலையில் விழுந்தது. 1993லும் 2013லும் சட்டங்கள் வந்தன. அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில், வேலையைப் பிரிப்பதற்கும் வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டினார். அந்த அடுக்கின் ஒவ்வொரு படியிலும் ஆணுக்குக் கீழே ஒரு பெண் நிற்பதை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆண் பிள்ளைகள் விஷயத்திலும் நாங்கள் ஒருமுறை தவறாகப் படித்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு மாணவருக்கு நர்சிங் படிக்க ஆசை. அப்பா கூடாது என்றார். ‘ஆண் எப்படி நர்ஸ் ஆவது என்ற ஆண்திமிர்’ என்று முடிவு செய்துகொண்டு அவரிடம் ஒரு மணி நேரம் பேசினோம். பொறுமையாகக் கேட்டவர் கடைசியில் சொன்னார்: “நான் அள்ளுனது பத்தாதா? படிச்சிட்டு அவனும் போயி பீ மூத்திரம் அள்ளணுமா?”

அவர் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. அவருடைய மறுப்பில் ஆண் என்ற பெருமையைவிடச் சாதி கொடுத்த காயம் பெரிதாக இருந்தது. அடுத்த வாரம், தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் ஆண் செவிலியரைச் சந்திக்க அவரை அழைத்துப் போனோம். டாக்டர்கள் அவரிடம் நோயாளியின் நிலை கேட்பதைப் பார்த்தார். சம்பளம், பணிப் பதிவு, பதவி உயர்வு எல்லாம் விசாரித்தார். பிறகு தாழ்ந்த குரலில், “இங்க அள்ளுறது யாரு?” என்று கேட்டார். “அதுக்குத் தனியா ஆளுங்க இருக்காங்க” என்று பதில் வந்தது. அப்பாவின் முகம் தெளிந்தது. பையன் இப்போது நர்சிங் மூன்றாம் ஆண்டு. எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தனி ஆள் யார் என்று அந்த வராண்டாவிலேயே பார்த்தோம். கையில் மாப்புடன் நின்ற நம் தெருவைப் போன்ற ஒரு தெருவின் அம்மா. ஒருவர் படியேறும்போது அடிப்படி அப்படியே இருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

செவிலியர் வேலையைப் பற்றிய முன்முடிவு மனதில் மட்டும் இல்லை, அரசு அறிவிக்கையிலும் இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளின் செவிலியர் தேர்வில் பெண்களுக்கு 80 விழுக்காடு, ஆண்களுக்கு 20 விழுக்காடு என்று பிரித்திருக்கிறார்கள். பெண்ணுக்கு வேலை கிடைக்கிறதே என்று பார்த்தால் நல்லதுதான். பராமரிப்பு என்றால் பெண்தான் என்ற எண்ணத்துக்கு அரசே முத்திரை குத்துகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரசியலும் ஒரு வேலைதான். அதில் நம் புதுச்சேரியின் கணக்கு என்ன? 2021 சட்டமன்றத் தேர்தலில் 30 தொகுதிகளில் வென்ற ஒரே பெண் சந்திர பிரியங்கா. காரைக்காலின் நெடுங்காடு தனித்தொகுதியிலிருந்து வந்தவர். அமைச்சரானார். புதுச்சேரி அமைச்சரவையில் ஒரு பெண் உட்கார 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. போக்குவரத்து போன்ற துறை அவர் கையில் இருந்தது. 2023 அக்டோபரில் அவர் விலகல் கடிதம் கொடுத்தபோது சாதி அடிப்படையிலும் பாலின அடிப்படையிலும் தாக்கப்பட்டதாக எழுதினார். அவரது செயல்பாட்டில் திருப்தி இல்லாமல் முதல்வர் முன்பே நீக்கப் பரிந்துரைத்திருந்தார் என்று ஆட்சித் தரப்பில் சொன்னார்கள். எது சரி என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். சாதியையும் பாலினத்தையும் ஒரே கடிதத்தில் சேர்த்து எழுத வேண்டிய நிலை ஓர் அமைச்சருக்கே வந்தது என்பதை நம் மாணவிகள் கவனித்தார்கள். அவர்கள் கேள்வி இதுதான்: “பதவி வந்தாலும் போகாதாக்கா இது?”

அப்படியானால் கல்லூரிக்குள் என்ன செய்யலாம்? நாங்கள் செய்து பார்த்து, தப்புச் செய்து, திருத்திக்கொண்டவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, அந்த ஆறு வரித் தாள். செலவு எதுவும் இல்லை. உங்கள் விடுதி அறையிலேயே நடத்தலாம். அறிவுரை சொல்லாதீர்கள். அவர்கள் எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டினால் போதும். சில மாதங்கள் கழித்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். இடைப்பட்ட காலத்தில் உங்கள் குழுவில் ஒரு விதி வையுங்கள்: எந்த வேலை செய்பவரைப் பற்றிப் பேசினாலும் ‘ஆர்’, ‘ஆங்க’தான்.

இரண்டாவது, மூன்று தலைமுறை வேலை வரலாறு. ஆயா, தாத்தா, அம்மா, அப்பா என்னென்ன வேலை செய்தார்கள், கூலி எவ்வளவு, கருவி யார் கையில் இருந்தது, வேலை கொடுத்தவர் அவர்களை எப்படிக் கூப்பிட்டார் என்று வீட்டில் கேட்டு எழுதச் சொல்கிறோம். இதில் ஓர் எச்சரிக்கை. தொடக்கத்தில் இதை வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னோம். அது பெரிய தவறு. சாதியைச் சொல்லாமல் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நாங்களே அம்பலத்தில் நிறுத்தினோம். ஒருவர் அடுத்த நாள் வகுப்புக்கே வரவில்லை. இப்போது பெயர் இல்லாமல் வாங்குகிறோம், விரும்பாதவர் எழுத வேண்டாம், நாங்கள் மட்டுமே வாசிக்கிறோம்.

மூன்றாவது, வேலை செய்பவர்களை நேரில் அழைப்பது. ‘முதல் பெண்’ என்ற ஒரே ஒரு சாதனையாளரை மட்டும் மேடையேற்றினால், ‘அவங்க தனி ரகம்’ என்று பிள்ளைகள் நகர்ந்துவிடுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்து ஓட்டுநர் ஆனார். 30 ஆண்டுகள் கழித்து 2023இல் கோவையில் ஓர் இளம்பெண் தனியார் பேருந்து ஓட்டியது மறுபடி செய்தியாயிற்று. முதல் ஆளுக்குப் பின்னால் நூறாவது ஆள் வராவிட்டால் முன்முடிவு அசையாது. எனவே சாதாரணமாக அந்த வேலை பார்க்கும் மூன்று நான்கு பேரைக் கூப்பிடுங்கள். மாலை மரியாதை வேண்டாம். சம்பளம் எவ்வளவு, கழிப்பறை இருக்கிறதா, இரவு எப்படி வீடு திரும்புகிறீர்கள், யாராவது சீண்டினால் யாரிடம் சொல்வீர்கள் என்று மாணவர்கள் கேட்கட்டும். பிள்ளைகளைத் தடுப்பது பாதி நேரம் எண்ணம் அல்ல, இந்த நடைமுறைகள்தான்.

நான்காவது, கல்லூரி நிர்வாகம். ஆண்டு விழாவில் கோலமும் ஆரத்தித் தட்டும் பெண்களுக்கு, மேடையும் மைக்செட்டும் ஆண்களுக்கு. விழா முடிந்து குப்பை அள்ளுவது இருவருக்கும் இல்லை, அதற்கு ‘அந்த அம்மா’. மாணவர் அமைப்புகள் இந்தப் பட்டியலைச் சுழற்சி முறைக்கு மாற்றலாம், குப்பையையும் சேர்த்து. வளாகத் தேர்வு அறிவிப்பில் ‘ஆண்கள் மட்டும்’ என்று வந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அரசு வேலையில் சாதி, பால் பாகுபாட்டை அரசியலமைப்பின் 16(2) தடை செய்கிறது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் ஆளெடுப்பில் பாலினப் பாகுபாடு கூடாது என்கின்றன. பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டத்தின் தடையை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டத்தைப் படித்து வைத்திருப்பவரிடம் நிர்வாகம் கொஞ்சம் நிதானமாகவே பேசும்.

ஐந்தாவது நம் தோழர்களுக்கு. மேடையில் ஜெய் பீம் முழங்கிவிட்டு, கூட்டம் முடிந்ததும் டீ டம்ளர் கழுவத் தோழியரைத் தேடாதீர்கள். எங்கள் அமைப்பிலும் வரவேற்புரை, பதிவேடு, டீ எல்லாம் பல காலம் பெண்கள் பக்கமே இருந்தன. சுட்டிக்காட்டியபோது கோபப்பட்டோம். பிறகு வெட்கப்பட்டோம். இப்போது சுழற்சி வைத்திருக்கிறோம். சில வாரங்களில் நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறோம்.

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டு மணி நேர வேலை அந்தப் போராட்டத்தின் வழியாகத்தான் இந்த ஊருக்கு வந்தது. வேலையின் தன்மையை மாற்றுவது போராட்டம் என்று கற்றுக்கொடுத்த ஊர் இது. மனதில் உள்ள முன்முடிவும் கூலி, கருவி, கழிப்பறை, மரியாதை என்று கையில் பிடிக்கக்கூடியவை மாறும்போதுதான் மாறும்.

அந்த மாணவி இப்போது வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார். வாரம் ஒருமுறை எங்கள் நூலகத்துக்கு வந்து பழைய வினாத்தாள் வாங்கிப் போகிறார். இன்னும் துணிந்து யோசி என்று நாங்கள் சொல்வதில்லை. அவர் அம்மாவிடம் மட்டும் ஒருநாள் கேட்டோம், கொத்து வேலைப் பயிற்சி ஏற்பாடு செய்தால் வருவீர்களா என்று. “இந்த வயசுலயா?” என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, “கரண்டி புடிச்சா கூலி எவ்ளோ குடுப்பாங்க?” என்று கேட்டார்.

அதற்கான ஏற்பாட்டில்தான் இப்போது இருக்கிறோம். ஜெய் பீம்.